நாலாங் கூடைக்கும் அஞ்சாங் கூடைக்கும் நடுவே

நான் வேலை பார்த்த ஒலிநூலகத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். போன மாதம் அவர்களில் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். பழைய டேப்பைக் கணினியில் ஏற்றிவிட்டால் காற்று, இருமல், நாய், பிள்ளை அழுகை எல்லாவற்றையும் அதுவே கண்டுபிடித்து நீக்கிவிட்டு, பாட்டை மட்டும் சுத்தமாகக் கொடுத்துவிடுகிறதாம்.

"உங்க காலத்துல இதெல்லாம் கையாலயே பண்ணீங்களாமே சார்? எப்படின்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், எங்க மலர்ல போடுறோம்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்து நாலு நாளாகிறது. எங்கே தொடங்கினாலும் மரக்காணம் உப்பளத்து அஞ்சலையம்மாவிடம்தான் போய் நிற்கிறது. அதனால் அதையே எழுதிவிடுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

பத்தாவது முடித்துவிட்டு ரேடியோ ரிப்பேர் கடை ஒன்றில் சேர்ந்தவன் நான். அங்கிருந்து ஒரு வானொலி நிலையத்தில் தற்காலிக ஊழியன். அங்கே கற்றுக்கொண்டது ஒரே வித்தை. டேப்பை பிளேடால் சாய்வாக வெட்டி, வேண்டாத துண்டை எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் வெட்டிய இடம் தெரியாமல் ஒட்டுவது. பேச்சாளர் நடுவில் இருமினால் இருமல் இல்லாமல் ஆக்கிவிடுவேன். ஒரே வார்த்தையை இரண்டு முறை சொல்லித் தடுமாறினால் ஒன்றை எடுத்துவிடுவேன். "சம்பந்தம் ஒட்டினா மூச்சுகூடத் தட்டாது" என்று அங்கே சொல்வார்கள். அந்தப் பெயரோடுதான் புதுச்சேரி ஒலிநூலகத்துக்கு வந்து சேர்ந்தேன். குடியிருப்பு பெரிய முதலியார்சாவடியில். தினமும் சைக்கிள்தான்.

நூலகத்தின் பொறுப்பாளர் ஃபிலோமினா மேடம். கடைநிலை ஊழியரிலிருந்து இயக்குநர் வரை எல்லோரையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். சட்டைப்பை அளவில் கத்தரித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போவார். அவர் திட்டினால்கூடப் பரவாயில்லை, சீட்டு வரக்கூடாது என்று நாங்கள் வேண்டிக்கொள்வோம்.

டேப் பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் செய்வது மோந்து பார்ப்பது. காடி வாடை வந்தால் ஒரு வகைக் கெடுதல். சாக்பீஸும் பழைய மெழுகுவத்தியும் சேர்ந்த மாதிரி வந்தால் இன்னொரு வகை. எங்கள் கடற்கரையில் இரண்டாவதுதான் அதிகம். டேப் என்பது ஒரு பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் பழுப்பாகக் காந்தத் துகளைப் பசை கலந்து பூசியிருப்பார்கள். பாட்டோ பேச்சோ இருப்பது அந்தப் பூச்சில்தான். உப்புக்காற்றின் ஈரத்தை வருஷக்கணக்காகக் குடித்துக் குடித்து அந்தப் பசை இளகிவிடும். அந்த நிலையில் டேப்பை ஓட்டினால் இயந்திரத்தில் ஒலியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு கிறீச்சென்று கத்தும். பூச்சு உரிந்து பழுப்புப் பொடியாக விழும். விழுந்த பொடியில் என்ன இருந்ததோ அது போனது போனதுதான்.

அதற்கு மருந்து சூடு. கல்லூரி ஆய்வகங்களில் கண்ணாடிக் குடுவை காயவைக்க ஒரு சூட்டுப்பெட்டி வைத்திருப்பார்கள். அப்படி ஒன்றை மேடம் எங்கிருந்தோ கேட்டு வாங்கி வந்திருந்தார். ஐம்பது டிகிரியில் எட்டு மணி நேரம். நாலு மணி நேரத்தில் டேப்பை ஒருமுறை திருப்பி வைக்க வேண்டும். பிறகு அதே அளவு நேரம் மூடியைத் திறக்காமல் ஆறவிட வேண்டும். பசை இறுகும், ஆனால் சில வாரங்களுக்குத்தான். அதற்குள் டேப்பை ஓட்டிக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். ஓட்டுவது ஒரே தடவை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை, நடுவில் நிறுத்தாமல், பின்னால் சுற்றாமல். மேடத்தின் சட்டம் அது. ஒரு மணி நேர டேப் என்றால் ஒரு மணி நேரமும் பக்கத்தில் ஆடாமல் உட்கார்ந்திருப்பார். டீ வந்தால் வெளியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வார். கேட்கக் கேட்க நோட்டில் நிமிஷம் போட்டு எழுதிக்கொண்டே போவார். 'பாட்டு.' 'காற்று.' 'யாரோ சிரிப்பு.' 'மாடு.' 'பாட்டு.'

"மாடு கத்துறதையும் எழுதணுமா மேடம்?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"யாரு எதைத் தேடி வருவாங்கன்னு நமக்கென்ன தெரியும், சம்பந்தம்? எழுதி வைங்க" என்றார்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு பழைய டேப்புகளையெல்லாம் கணினிக்கு மாற்றும் வேலைக்கு எங்களுக்கு நிதி கிடைத்தது. கணினி வந்தது, அதோடு கெடுவும் வந்தது. கோடை முடிவதற்குள் முதல் பகுதியைக் காட்ட வேண்டும், பார்வையிட ஆள் வருவார்கள். அந்த நேரம் பார்த்து மேடத்துக்குக் கண்ணில் ஆபரேஷன். ஒரு மாதத்துக்கு மேல் விடுப்பு. "அவசரப்படாதீங்க, வந்தவங்க கேட்டா மீதி நடக்குதுன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் அவசரப்பட்டேன். ஹார்டு டிஸ்க்கில் இடம் தீர்ந்துகொண்டே வந்தது. இன்னொன்று கேட்டு எழுதிப் போட்டால் எப்போது வருமோ தெரியாது. அப்போது கைக்கு வந்ததுதான் அந்தப் பெட்டி. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியர் தோளில் மாட்டும் ரெக்கார்டரோடு ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தவற்றில் ஒன்று. பெட்டியின்மேல் நீல மையில் எழுதியிருந்தது: 'மரக்காணம். உப்பு அள்ளும் பாட்டு. பாடியவர் அஞ்சலை.'

சூட்டுப்பெட்டியில் வைத்து எடுத்து ஓட்டினேன். கூடை எண்ணும் பாட்டு. ஒண்ணாங் கூடை, ரெண்டாங் கூடை என்று பத்துவரை போகிறது. ஒவ்வொரு கூடைக்கும் ஒரு கேலி. இளம்பெண்ணின் குரல், வெயிலில் சுண்டிய குரல், கணீரென்று இருந்தது. நாலாவது கூடை முடிந்த இடத்தில் பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது. பாட்டு நின்றுவிட்டது. கால் சத்தம், பேச்சு, சிரிப்பு. அழுகை மைக்குக்குப் பக்கத்தில் வந்தது. ஒலி அளவைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி அடித்தது.

கணினியில் பதிவை நிறுத்தினேன். டேப்பை மட்டும் ஓடவிட்டு, பாட்டு எப்போது திரும்பத் தொடங்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிஷம் இருக்கும். மேசையில் பார்வையிட வருகிறவர்களுக்கான பட்டியல் கிடந்தது. அதை நிரப்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று அஞ்சாங் கூடை தொடங்கிவிட்டது. பிடிக்கத் தவறிவிட்டேன். டேப்பைப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினேன். மறுபடி தவறியது. மூன்றாவது முறை கிறீச்சென்று சத்தம் வந்தது. ஹெட்டைத் துடைத்த பஞ்சில் பழுப்பு. துடைத்துவிட்டு நாலாவது முறை ஓட்டினேன், சரியாகப் பிடித்துவிட்டேன். பிறகு கணினியில் நாலாங் கூடையையும் அஞ்சாங் கூடையையும் ஒட்டினேன். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒட்டினேன். பிளேடு பிடித்த நாளிலிருந்து நான் ஒட்டியதிலேயே அதுதான் நல்ல ஒட்டு என்று நினைத்து, ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பார்வையிட வந்தவர்களுக்கு அந்தப் பாட்டைத்தான் போட்டுக் காட்டினேன். பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மேடம் கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பியதும் முடிந்த டேப்புகளின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். "உப்பளம் டேப்பு, முழுசா ஏத்தினீங்களா?"

"முழுசா மேடம்" என்றேன்.

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தது. என் வீடு சாலைக்கு மேற்கே இருந்ததால் தப்பித்தது. நாலைந்து நாள் எவரும் வேலையைப் பற்றி நினைக்கவில்லை. அதன்பின் மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். அந்தக் கடற்கரையில் பதிவு செய்த டேப்புகளில் பாடியவர்கள், கதை சொன்னவர்கள் பெயர்கள்.

"இவங்கெல்லாம் இருக்காங்களான்னு பாத்துட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனேன். அனுமந்தையில் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களிடம் தாளைக் காட்டினேன். எக்கியார்குப்பத்தில் மணலில் கவிழ்ந்து கிடந்த படகின்மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் பெயர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, "இருக்காரு", "ரெண்டு வருஷத்துக்கு முன்னயே செத்துட்டாரு", "அது... இப்பதான்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பேனாவால் குறித்துக்கொண்டேன். பாடியவர்களில் பலர் வயதானவர்கள். கடல் வருவதற்கு முன்பே போய்விட்டவர்கள்தான் அதிகம்.

கடைசியில் மரக்காணம். கழிவெளி ஏரி வழியாக ஏறிய கடல்தண்ணீர் உப்புப் பாத்திகளைச் சேற்றால் மூடியிருந்தது. வேலை இல்லாமல் ஆட்கள் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். அஞ்சலை என்று கேட்டதும் ஒரு பெண் சற்றுத் தயங்கிவிட்டு உப்பளத்தை ஒட்டியிருந்த வீட்டைக் காட்டினாள்.

டேப்பில் கேட்ட குரலுக்கு இருபது வயது. வாசலில் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பதுக்கு மேல். பாதம் உப்பில் வெடித்து வெளுத்திருந்தது. யார் என்று சொன்னேன்.

"என் புள்ள போயிட்டான் சார்" என்றார்.

ஏழுமலை. ஒரே மகன். கணவர் இறந்தபின் தனியாளாக வளர்த்த பிள்ளை. உப்பு லாரிகளில் மூட்டை ஏற்றும் வேலை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மீன் வாங்கி வருகிறேன் என்று காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போயிருக்கிறான். சைக்கிள் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

அவரே கேட்டார்.

"அந்த வாத்தியாரு எடுத்தாரே, அந்த டேப்பு இன்னும் இருக்குதா?"

"இருக்குதும்மா. கம்ப்யூட்டர்ல ஏத்திப் பத்திரமா வச்சிருக்கோம். உங்க குரல் நேத்துப் பாடின மாதிரி இருக்குது."

"நான் வந்தா போட்டுக் காட்டுவீங்களா?"

"எப்ப வேணா வாங்கம்மா" என்றேன். அந்தத் துக்கத்தில் தன் பாட்டைக் கேட்டால் அவருக்கு ஏதோ ஆறுதலாக இருக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது.

அடுத்த வாரமே வந்துவிட்டார். வெளுத்த புடவை, கையில் மஞ்சள் பை. மேடம் வாசலுக்குப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, தான் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்தார். பையிலிருந்து அஞ்சலையம்மா மகனின் வாக்காளர் அட்டையை எடுத்துக் காட்டினார். தபால்தலை அளவுப் படம். மீசை சரியாக முளைக்காத முகம்.

"இது ஒண்ணுதான் சார் இருக்குது. போட்டோ எடுக்கணும் எடுக்கணும்னுதான் இருந்தோம்."

ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டேன். தலையைக் குனிந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஒண்ணாங் கூடை. ரெண்டாங் கூடை. முகத்தில் ஒன்றுமில்லை. வேறு யாரோ பாடுவதை மரியாதைக்காகக் கேட்பதுபோல இருந்தது. மூணாங் கூடையில் நிமிர்ந்தார். நாலாங் கூடையில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். ஒலிபெருக்கியை நோக்கிக் காதைக் கொண்டுபோனார். கை தானாகத் தாலிச் சரடு இருந்த இடத்துக்குப் போயிற்று.

நாலாங் கூடை முடிந்தது. மூச்சு. அஞ்சாங் கூடை தொடங்கியது.

"நிறுத்துங்க சார்."

நிறுத்தினேன்.

"இங்க நான் பாடலியே" என்றார். "இங்க எந்திரிச்சிப் போயிட்டேனே நான்."

அவர் மேடத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நாலாங் கூட முடிச்சேம்மா, புள்ள எந்திரிச்சிட்டான். கொட்டாய்ல தூளி கட்டி விட்டிருந்தேன். கத்துறான். ஓடிப் போய்த் தூக்கியாந்தேன். அந்த வாத்தியாரு நிறுத்தல, மைக்க அவன் வாயாண்ட வச்சாரு. அவன் அழுவுறத விட்டுட்டு அதப் புடிச்சி வாயில வச்சிக்கினான். எல்லாரும் சிரிச்சாங்க. என்னமோ பேசினான், புரியாத பேச்சு. ஒரு வயசு ஆவல அப்ப. அப்பறம் வாத்தியாரு போட்டுக் காட்டினாரு, நாங்க கேட்டோம். அதக் கேக்கத்தாம்மா வந்தேன். என் பாட்டு எனக்கு எதுக்கு?"

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. அஞ்சலையம்மாவின் முழங்கையைத் தொட்டுக்கொண்டு, "மூல டேப்பு உள்ள இருக்குதும்மா. கொஞ்ச நாள் குடுங்க. தேடிப் பாக்கிறோம்" என்றார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆபரேஷன் ஆன கண் சிவந்திருந்தது.

"வெட்டினீங்களா?"

"ஆமா மேடம்."

"வெட்டினது கணினியில எங்கயாவது இருக்குதா?"

"ஏத்தவே இல்ல மேடம். டேப்ப மட்டும் ஓடவிட்டேன்."

"அந்த இடத்த எத்தனை தடவ ஓட்டினீங்க?"

"நாலு."

துண்டுச் சீட்டை எடுத்து, பென்சிலால் '4' என்று எழுதி, என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தச் சீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் டேப்பைச் சூட்டுப்பெட்டியில் வைத்தோம். மேடமே உடன் இருந்தார். இந்த முறை அவர் எதையும் என்னிடம் விடவில்லை, என்னைத் தள்ளி நிற்கவும் சொல்லவில்லை. வெப்பமானியை நான் வாசித்துச் சொன்னேன், அவர் எழுதினார். டேப்பை அவர் திருப்பினார், நான் மூடியைப் பிடித்தேன். ஆறவைத்து எடுத்து, இயந்திரத்தில் நாடா தொடும் இடங்களையெல்லாம் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மூன்று முறை துடைத்தேன். கணினியில் பதிவைத் தொடங்கிவிட்டு டேப்பை ஓட்டினோம்.

முதல் நாலு கூடையும் குறையில்லாமல் வந்தன. பிறகு குழந்தையின் வீரிடல், அரை மூச்சு அளவு. உடனே வெறும் இரைச்சல். நான் குனிந்து ஓடுகிற நாடாவைப் பார்த்தேன். பழுப்புப் பூச்சு போய் அந்தப் பக்கத்து விளக்கு நாடா வழியாகத் தெரிந்தது, மழையில் உரிந்த சுவர்போலத் திட்டுத் திட்டாக. இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல், "எந்திரிச்சிட்டியாடா..." மறுபடி இரைச்சல். நெடுநேரம் இரைச்சல். பிறகு யாரோ சிரித்ததன் வால். குழந்தையின் 'ங்கா' என்ற ஓர் ஒலி. இரைச்சல். அஞ்சாங் கூடை.

டேப் முடியும்வரை மேடம் அசையவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேதான் இருந்தார். எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்தால் ஒன்பது விநாடி. டேப்பின் மற்ற எந்த இடத்திலும் பூச்சு உரியவில்லை. நான் நாலு முறை தேய்த்த இடத்தில் மட்டும்தான்.

"சேத்து ஒட்டாதீங்க" என்றார் மேடம். "இரைச்சலும் அப்படியே இருக்கட்டும்."

பிறகு அந்த டேப்பின் பதிவு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். என் கையாலேயே எழுதச் சொன்னார். என்ன வெட்டப்பட்டது, யார் வெட்டியது, அதனால் என்ன அழிந்தது. என் பெயரை முழுசாக எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் படித்துப் பார்த்துவிட்டு, 'பணிச்சுமை காரணமாக' என்று நான் சேர்த்திருந்த ஒரு வரியை மட்டும் அடித்தார்.

"அவங்ககிட்டயும் நீங்கதான் சொல்லணும், சம்பந்தம். டேப்பு பழசு, கெட்டுப்போச்சுன்னு சொல்லாதீங்க."

பாத்திகளில் சேற்றை அள்ளிக் கொட்டி மறுபடி உப்பு எடுக்கத் தொடங்க மாதங்களாகிவிட்டன. அதுவரை நான் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம், பொய். சித்திரை வெயிலில் ஒருநாள் ஒன்பது விநாடிகளை இரைச்சலோடு அப்படியே ஒரு கேசட்டில் ஏற்றி, ஒரு சிறிய டேப் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு போனேன். உப்பளத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை, அவ்வளவு வெளிச்சம். பெண்கள் வரிசையாகக் கூடை சுமந்துகொண்டு உப்பு அம்பாரத்தில் கொட்டிவிட்டு வந்தார்கள். யாரும் பாடவில்லை. என்னைப் பார்த்ததும் அஞ்சலையம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓலைக் கொட்டாய்க்கு வந்தார்.

"கெடச்சிதா சார்?"

போட்டுக் காட்டினேன். ரெக்கார்டரைத் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்து கேட்டார். அந்த வீரிடல் வந்தபோது அவர் தோள் ஒருமுறை குலுங்கியது. 'எந்திரிச்சிட்டியாடா' என்று தன் குரலே வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டார். கடைசி 'ங்கா'வுக்குப் பிறகு இன்னும் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

"இன்னொருக்கா போடு சார்."

மூன்று முறை போட்டேன். பிறகு சொன்னேன். முழுசும் டேப்பில் இருந்தது, நான்தான் வேண்டாம் என்று விட்டேன், பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிடிக்க அதே இடத்தை நாலு முறை ஓட்டினேன், அதில்தான் உரிந்து போனது, டேப்பின் மேல் தப்பில்லை என்று. வழியெல்லாம் மனசில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. திக்கித் திக்கித்தான் சொன்னேன்.

அவர் அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. திடீரென்று ஏதோ கிடைத்துவிட்டதுபோல ஓர் ஆசை இருந்தது.

"அப்ப நீ கேட்டிருக்கியா?" என்றார். "முழுசா கேட்டிருக்கியா?"

"கேட்டேன்மா."

"நாலு தடவயும்?"

"நாலு தடவயும்."

முட்டியைத் தரையில் தேய்த்துக்கொண்டு என்னருகே நகர்ந்து வந்தார். "எப்பிடிப் பேசினான், சொல்லு. மைக்க வாயில வச்சிக்கினு என்னமோ பேசினானே. நான் என்ன சொன்னேன் அவங்கிட்ட? எனக்குக் கொஞ்சம் கொஞ்சம்தான் ஞாபகம் இருக்குது. நீ போன வருசம்தானே கேட்ட? சொல்லு."

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி அடித்தது நினைவுக்கு வந்தது. நிரப்பிக்கொண்டிருந்த பட்டியலின் மூன்றாவது பத்தி நினைவுக்கு வந்தது. பஞ்சில் ஒட்டிய பழுப்பு வந்தது. அந்தக் குழந்தை என்ன சத்தம் போட்டது என்பதோ, அவனிடம் தாய் என்ன சொன்னார் என்பதோ ஓர் எழுத்துகூட வரவில்லை. நாலு முறையும் அது எப்போது முடியும் என்றுதான் கேட்டிருக்கிறேன்.

ஏதாவது சொல்லியிருக்கலாம். "கண்ணுன்னு கூப்பிட்டீங்கம்மா, அவன் சிரிச்சான்" என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நாக்கு நுனிவரை வந்தது. மேடத்திடம் ஒருமுறை சொன்ன 'முழுசா' அங்கே குறுக்கே நின்றது.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அவர் கண்ணிலிருந்த அந்த ஆசை போயிற்று. அது போவதை நான் பார்த்தேன். என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில் அதைவிடப் பெரிய தண்டனை ஒன்றில்லை. எழுந்து, கேசட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்து வரிசைக்குப் போய்விட்டார். நான் ரெக்கார்டரைக் கொட்டாயிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் மேடம் ஓய்வு பெற்றார். கடைசி நாளன்றும் ஒரு டேப்பை மோந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அந்த விஷயத்தைப் பற்றி அதற்குமேல் அவர் என்னிடம் பேசியதே இல்லை. நானும் எடுத்ததில்லை.

அதே ஆண்டு, மழைக்கு முன், அஞ்சலையம்மா நூலகத்துக்கு வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. இளைத்திருந்தார். பாலித்தீன் பையில் சுற்றிய கேசட்டை என் மேசையில் வைத்தார்.

"கெட்டுப் போச்சாம்மா? வேற ஏத்தித் தரேன்" என்று எழுந்தேன்.

"இல்ல சார். நல்லாத்தான் பாடுது. நீயே வச்சிக்கோ."

"ஏம்மா?"

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னார்.

"தெனமும் கேட்டேன் சார். காலையில ஒருக்கா, வேலைக்குப் போயிட்டு வந்து ஒருக்கா. மொதல்ல எல்லாம், இதுல இல்லாதது எல்லாம் எனக்கு மனசுல இருந்திச்சி. அவன் மைக்கப் புடிச்சது, வாத்தியாரு சட்டைல எச்சி வுட்டது, நான் திட்டினது எல்லாம். இதக் கேக்கக் கேக்க அதெல்லாம் போவுது. இப்போ அவன நெனச்சா இதுல இருக்கிற அளவுதான் வருது. கத்துறான், அப்பறம் அந்தக் கர்ர்ர்ருன்னு சத்தம். அப்பறம் ங்கான்றான். அவ்ளோதான். ராத்திரில கனவுலகூட அந்தக் கர்ர்ர்ருன்னுதான் வருது." நிறுத்தினார். "மிச்சம் இருக்கிறதாவது எனக்கு இருக்கட்டும் சார்."

நான் கேசட்டை வாங்கி இழுப்பறையில் வைத்தேன்.

"உம்மேல கோவமில்ல" என்றார். அது மன்னிப்பா, அலுப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பேருந்து நிலையம்வரை உடன் நடந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வழியில் டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். அவர் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருந்தது, கூட்டத்தில் ஒரு பொருளைக் கைவிட்டுவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பவரைப்போல. மரக்காணம் வண்டியில் ஏறி சன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அசைந்துகொண்டிருந்தது. ஒருமுறை லேசாகச் சிரித்தார், யாரையோ செல்லமாகத் திட்டுவதுபோல.

என்னவென்று நான் கேட்கவில்லை. வண்டி கிளம்பியது.